இழப்பீடு வாங்கினால் கேஸ் போய்விடுமா? தருமபுரியில் மனு போட வருகிறவர்களுக்கு

பாலியல் வன்முறைக்கான இழப்பீட்டு மனு எழுத உட்கார்ந்ததும் வீட்டார் சொல்வது இதுதான்: "காசு வாங்கினா கேஸை வித்துட்டாங்கன்னு ஊர் பேசுமே." இந்தப் பயத்தில் மனுவே போடாமல் போகிறார்கள், மனசு ஆறவில்லை. இந்த இழப்பீடு அரசு நிதியிலிருந்து வரும் பணம். வாங்கினாலும் வழக்கு நடக்கும். எதிர்த்தரப்பு பஞ்சாயத்தில் நீட்டுவதுதான் ராஜிப்பணம்; அதற்குக் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

நம் அரூர் பக்கத்து வாச்சாத்தியையே பாருங்கள். 1992 ஜூன் 20-இல் வனத்துறையினர் 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கிய கொடுமை நடந்தது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்த அதே தீர்ப்பில்தான் அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் தரச் சொன்னது. பணம் வந்ததால் தண்டனை குறையவில்லை.

மனு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு. கட்டணம் கிடையாது. எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவச் சான்று, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் வையுங்கள். குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும் மனு போடலாம். 2018-ஆம் ஆண்டுத் தேசியத் திட்டப்படி வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்புணர்வுக்கு 5 முதல் 10 லட்சம். தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் இடைக்கால நிவாரணத்தையும் அதே மனுவில் கேளுங்கள். 18 வயது நிரம்பாதவர் என்றால் போக்சோ நீதிமன்றமே இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிடலாம். உத்தரவு கிடைத்த 30 நாளில் அரசு கொடுக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்ட நிவாரணம் தனி. இங்குள்ள மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குச் சாதிச் சான்று தருபவர் கோட்டாட்சியர், அதற்கு முதல் நாளே விண்ணப்பித்துவிடுங்கள்.

பணம் சிக்குவது பெரும்பாலும் பாங்கில். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்புக்கில் அப்பா பெயர் பின்னால் முழுசாக இருக்கும், அதற்கே திருப்பிவிடுவார்கள். முழு ஆவணம் கொடுக்காமல் தொடங்கிய சிறு கணக்கில் 50,000-க்கு மேல் இருப்பு வைக்க முடியாது, லட்சங்கள் வந்தால் நிற்காது. உத்தரவுக்கு முன்பே ஆதார், போட்டோவோடு போய்க் கணக்கைச் சரிசெய்யுங்கள். வந்த தொகையும் மொத்தமாகக் கைக்கு வராது: முக்கால் பங்கு வரை வைப்புநிதியில் போடுவார்கள், சிறுமி என்றால் 80 சதவீதம். இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லாவிட்டால், நடுவில் யாரோ தின்றுவிட்டார்கள் என்ற சந்தேகம் கிளம்பி, கடைசியில் அந்தப் பெண்ணையே கேள்வி கேட்பார்கள்.

உத்தரவு நகலை ஊரில் யாரிடமும் காட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடுவதே குற்றம். தொகை குறைவென்றால் மாநில ஆணைக்குழுவுக்கு 30 நாளுக்குள் மேல்முறையீடு போடலாம்.