சனிக்கிழமைக் கணக்கு

கோவை மாவட்டத்துச் சோமனூர் வட்டாரத்தில் மளிகைக் கடைக்குச் சனிக்கிழமை மாலைதான் வாரப்பிறப்பு. தறிக்கூடங்களில் கூலிப் பட்டுவாடா முடிந்ததும் பெண்கள் பையும் பணமுமாகக் கடைக்கு வருவார்கள். போன வாரத்துப் பற்றை, அதாவது கடன் பாக்கியைக் கட்டிவிட்டு, வருகிற வாரத்துக்கான சாமானைப் பற்று எழுதி எடுத்துப்போவார்கள். அப்படிப்பட்ட ஒரு கடையில் பல ஆண்டுகள் கணக்கு எழுதினேன். கூட்டம் மிகும் நேரத்தில் சாமானும் நிறுத்துப் போட்டேன். 2025-ஆம் ஆண்டின் நடுவில் அந்தக் கடை மூடப்பட்டது.

பெரிய சாலையில் சூப்பர் மார்க்கெட் வந்ததால்தான் கடை போயிற்று என்று எங்கள் வீதியில் எல்லோரும் சொல்கிறார்கள். கணக்கு எழுதியவள் என்ற முறையில் என்னால் அதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. சூப்பர் மார்க்கெட் வந்து சில ஆண்டுகள் வரை எங்கள் விற்பனை குறையவே இல்லை. குறைந்தது வரவு மட்டும்தான்.

அது எப்படி என்று விளங்க, தறித் தொழிலில் பணம் வரும் வழியைச் சொல்ல வேண்டும். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான விசைத்தறிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கூலிக்கு ஓடுபவை. ஜவுளி உற்பத்தியாளர் நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் அதைச் சாயமேற்றாத காடா துணியாக நெய்து திருப்பிக் கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். அதில் மின்கட்டணம், உதிரிபாகச் செலவு, தறி ஓட்டுபவரின் கூலி எல்லாம் போக நிற்பதுதான் அவருடையது. உற்பத்தியாளரிடமிருந்து பணம் தள்ளிப்போனால், தறிக்காரர் ஆட்களுக்குப் பாதிக் கூலி கொடுத்துச் சமாளிப்பார், அவர்கள் கடைக்குப் பாதிப் பற்றைக் கட்டுவார்கள், கடைக்காரர் கோவை ரங்கே கவுண்டர் வீதியில் உள்ள மண்டிக்குப் போன் செய்து ஒரு வாரம் தவணை கேட்பார். மண்டிக்காரர் யாரிடமும் தவணை கேட்க வேண்டியதில்லை. பாக்கி ஏறினால் அடுத்த லோடை ஏற்றாமல் விட்டுவிடுவார். சோப்பும் பற்பசையும் கொண்டுவரும் ஏஜென்சி வண்டிகள் இன்னும் கறார். போன பில்லுக்குப் பணம் கொடுத்தால்தான் இந்தப் பில்லுக்குச் சரக்கு இறங்கும். ஆகவே மேலே எங்கோ ஓரிடத்தில் தங்கிய பணத்தின் பாரம் முழுவதும் வந்து சேர்ந்த இடம் எங்கள் கல்லாப்பெட்டி.

கணக்கு நோட்டைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எழுதினால், தொழிலின் நிலவரத்தைச் செய்தித்தாளுக்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். கூலி இழுபறியாகும் வாரத்தில் முதலில் நிற்பது குழந்தைகளுக்கான ஊட்டச்சத்து மாவும் பிஸ்கட்டும். அடுத்து, லிட்டராக வாங்கிய கடலை எண்ணெய் கால் லிட்டராகும், பிறகு ரேஷன் பாமாயிலே போதும் என்றாகிவிடும். துவரம்பருப்பு குறைந்து கொள்ளு கூடும். வேகவைத்த தண்ணீர் ரசத்துக்கும் பருப்பு கடைசலுக்கும் ஆகிவிடுவதால், கொள்ளு இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் பழைய சிக்கன வழி. தேயிலையும் ஷாம்புவும் குறைவதில்லை, அவை சிறு பாக்கெட்டுக்கு மாறும். ஒரு வீட்டின் பக்கத்தில் உப்பு, மிளகாய், புளி, தீப்பெட்டி மட்டும் அடுத்தடுத்து இரண்டு வாரம் வந்தால், அந்த வீட்டில் யாருக்கோ வேலை நின்றுவிட்டது என்று பொருள். நல்ல வாரமும் நோட்டில் தெரியும். அரிசியும் பருப்பும் சாதம் செய்வதற்கு நெய் ஐம்பது கிராம் கேட்பார்கள், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை கிலோக் கணக்கில் போகும்.

ரேஷன் கடை எங்களுக்குப் போட்டி என்று முதலாளி ஒருநாளும் சொன்னதில்லை. 2011 ஜூன் முதல் அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கொடுக்கிறார்கள். அங்கே அரிசி கிடைத்தால்தான் இங்கே புளியும் எண்ணெயும் வாங்கக் கையில் காசு மிஞ்சும் என்பது அவர் கணக்கு. அது சரியான கணக்கு என்பதை வேலைநிறுத்தக் காலங்களில் கண்ணால் கண்டேன்.

பற்று நீளத் தொடங்கியது 2020-இல். ஊரடங்கின் முதல் மாதங்களில், ஏப்ரலில், மளிகைக் கடைகள் காலை 6 மணி முதல் மதியம் 1 மணி வரைதான் திறந்திருக்கலாம். தறிகள் மொத்தமாக நின்றுவிட்டன. அந்த நாட்களில் முதலாளி எவருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. தறி ஓடத் தொடங்கியபின் பாதிப்பேர் பழைய பாக்கியைச் சிறுகச் சிறுக அடைத்தார்கள், மீதிப்பேரின் பாக்கி நோட்டு விட்டு நோட்டுத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. அது தீருவதற்குள் நூல் விலை ஏறிற்று. 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கூலி உயர்வை உற்பத்தியாளர்கள் கொடுக்கவில்லை என்று 2022 ஜனவரியில் தறிகள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. விசைத்தறிக்கு இரு மாதங்களுக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023 மார்ச் முதல் 1000 யூனிட்டாக்கப்பட்டது கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது. ஆனாலும் தறிகளைப் பழைய இரும்புக்கு எடைக்குப் போடும் வழக்கம் அந்த ஆண்டுகளில்தான் எங்கள் வீதிக்கும் வந்தது. 2025 மார்ச் நடுவில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்தைத் தாண்டி ஏப்ரலில் கூலி உயர்வோடு முடிந்தது. தறிக்காரர்களுக்கு அது வெற்றிதான், அதில் எனக்கு மறுப்பில்லை. பேரம் பேசியே கூலி வாங்க வேண்டிய தொழிலில் அவர்களுக்கு இருக்கும் ஒரே பலம் தறியை நிறுத்துவது. ஆனால் நிறுத்திய வாரங்களில் வீதி சாப்பிட்ட செலவு எங்கள் நோட்டில் ஏறியது, உயர்ந்த கூலி அந்த நோட்டுக்கு வந்து சேரவில்லை. இடையில் கைமாற்று வாங்கிய இடங்களுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அது போய்விட்டது.

வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வரிசை வீடுகளில் தங்கியிருந்தவர்களுக்காக முதலாளி கோதுமை மாவு, அவல், கடுகெண்ணெய் எல்லாம் வாங்கி வைத்தார். மொழி தெரியாத ஆட்களுக்குப் பற்று எழுதுவதா என்று எனக்கு முதலில் தயக்கம் இருந்தது. ஆனால் சனிக்கிழமை தவறாமல் கட்டியவர்களில் அவர்களே அதிகம். வேலைநிறுத்தம் நீளும் என்று தெரிந்ததும் கணக்கை முடித்துவிட்டு ரயிலேறினார்கள். கடுகெண்ணெய் பாட்டில்கள் மட்டும் அலமாரியில் நின்றன. எங்கள் ஊர் வீடுகளில் அதன் வாசனையைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள்.

முதலாளியின் மகன் கோவையில் வேலை பார்க்கிறான். 2022-லேயே பற்று நோட்டை மூடிவிட்டு ரொக்கத்துக்கு மட்டும் விற்றிருந்தால் கடை பிழைத்திருக்கும் என்பது அவன் வாதம். அவன் சொன்னபடி ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்ற பலகையும் ஒன்று மாட்டப்பட்டது. அதன் கீழே நின்றே எல்லோரும் பற்று எழுதச் சொன்னார்கள். அவனோடு நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். சர்க்கரையில் கிலோவுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நின்றால் எங்களுக்கு அதிகம். மொத்தமாகக் கொள்முதல் செய்யும் சூப்பர் மார்க்கெட் அதையும் விட்டுக்கொடுத்து விற்கும். கையில் ரொக்கம் வைத்திருப்பவர் எங்களிடம் வர வேண்டிய அவசியமே இல்லை. வந்தவர்கள் அத்தனைபேரும் ஒரு வாரம் பொறுப்பதற்காகத்தான் வந்தார்கள், அதற்காகவே கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கவும் தயாராக இருந்தார்கள். பற்றை நிறுத்தியிருந்தால் கடை மூன்று ஆண்டு முன்னதாகவே மூடியிருக்கும், அவ்வளவுதான். கூலி வாராவாரம் ஒழுங்காக வந்த காலத்தில் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. கூலியே மாதக்கணக்கில் நின்றபோது அதைத் தாங்கும் சக்தி ஒரு மளிகைக் கடைக்கு இல்லை. அது வங்கிகளும் அரசும் தாங்க வேண்டிய சுமை.

மூடுகிறோம் என்று முதலாளி யாரிடமும் சொல்லவில்லை. ஆனிக் கடைசியில், ஆடிப்பெருக்குக்கான வெல்லமும் பச்சரிசியும் இறங்காததைப் பார்த்தே வீதி புரிந்துகொண்டது. “ஏனுங்க்கா, கடைய மூடிப்போடுவீங்களாமா? எம்பட பாக்கி எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க” என்று பெண்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்கள் எல்லோரும் குறைந்த பாக்கிக்காரர்கள். கூடுதலாகத் தர வேண்டியவர்கள் எங்கள் வீதி வழியாக வருவதை நிறுத்திவிட்டு, கோயிலைச் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போனார்கள். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. இல்லாதவருக்கு எதிரே வந்து நிற்க முகம் இருக்காது.

ஒரு கடையை மூடுவது எவ்வளவு வேலை என்பது திறந்து நடத்தும்போது தெரிவதில்லை. கொள்முதலை நிறுத்தியதும் நல்ல சரக்கு நாலைந்து நாளில் தீர்ந்துவிடுகிறது. நிற்பதெல்லாம் கோலப்பொடி, பிறந்தநாள் மெழுகுவத்தி, நாள் நெருங்கிய மசாலாப் பாக்கெட்டுகள். கெட்டுப்போன சரக்கை ஏஜென்சிக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் அதற்கு ஈடாகப் புதுச் சரக்குத்தான் தருவார்கள், பணம் தரமாட்டார்கள். மூடப்போகிற கடைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. குளிர்பானக் கம்பெனியின் குளிர்பெட்டியை அவர்களே வந்து ஏற்றிச் சென்றார்கள். மின்னணுத் தராசு அப்போதுதான் அந்த ஆண்டுக்கான முத்திரை வைக்கப்பட்டிருந்தது, அதனால் நல்ல விலைக்குப் போயிற்று. ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்தோம். எங்களைப் போன்ற சிறு கடைகள் தொகுப்பு வரி முறையில் விற்பனைத் தொகையில் ஒரு விழுக்காடு கட்டுபவை. சோப்பு, எண்ணெய், தேயிலை எல்லாவற்றுக்கும் விற்ற காலாண்டிலேயே வரி கட்டியாகிவிட்டது. பணம் வசூலாகவில்லையே, அந்த வரியாவது திரும்ப வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டேன். அதற்குச் சட்டத்தில் வழியில்லை என்றார்.

பாக்கி வசூலுக்கு ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசலாம் என்று மகன் சொன்னதை முதலாளி ஏற்கவில்லை. ஆனால் கொடுக்க வந்தவரிடம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தறிகளை எடைக்குப் போட்ட ஒருவர் அந்தப் பணத்திலிருந்து தன் பாக்கி முழுவதையும் எண்ணிக் கொடுத்தார். முதலாளி பாதியையாவது திருப்பிக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன்; அவர் எண்ணிப் பார்த்துக் கல்லாவில் வைத்துவிட்டு, வரவு எழுதச் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. பின்னால் யோசித்தபோது அவர் செய்தது சரி என்றே தோன்றியது. மண்டிக்கு அவர் தர வேண்டியதும் அதே போன்ற பணம்தான். தவிர, திருப்பிக் கொடுத்திருந்தால் தொழில் இழந்து நின்ற அந்த மனிதருக்கு அது இன்னொரு இழிவாகப் பட்டிருக்கும்.

நான் இப்போது சாலையோரத்து சூப்பர் மார்க்கெட் ஒன்றில் பில் போடுகிறேன். பழைய வீதிப் பெண்கள் சிலர் அங்கேயும் வருகிறார்கள். மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் பத்து ரூபாய் பாக்கெட்டில் வைக்கச் சொல்லி மேலாளரிடம் கேட்டேன்; வைத்தார், வாரத்தின் நடுநாட்களில் அவைதான் அதிகம் போகின்றன. தவணை மட்டும் அங்கே கிடையாது, அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அதனால் முன்பு எங்கள் நோட்டில் ஏறிய செலவு இப்போது குழுக் கடனில் ஏறுகிறது. பத்துப் பெண்கள் சேர்ந்து வாங்கி வாராவாரம் கட்டும் கடன் அது. ரொக்கமாகக் கையில் வருவதால் முதல் வாரம் மளிகைக்கு ஆகிறது, மிச்சம் வேறு எதற்கோ கரைந்துவிடுகிறது. அதற்கு வட்டி உண்டு. ஒருத்தியால் கட்ட முடியாத வாரத்தில் மற்ற ஒன்பது பேரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும், அந்த ஒன்பது பேரின் வீட்டுக்காரர்களும் பெரும்பாலும் அதே தறிக்கூடத்தில்தான் வேலை செய்கிறார்கள்.