கைச்சூட்டில் திரளும் புரதம்

எலாஸ்டினைப் பின்பற்றி வடிவமைத்த பெப்டைடு பாலிமர்களை, அதாவது அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட சங்கிலிகளை, தயாரித்துச் சுத்தம் செய்வது என் வேலை. நம் தோலுக்கும் இரத்தக் குழாய்களுக்கும் மீள்தன்மை தரும் புரதம் எலாஸ்டின். வேலின், புரோலின், கிளைசின், ஏதோ ஒன்று, மறுபடி கிளைசின் என்று அதைப் போலவே திரும்பத் திரும்ப வரும் வரிசைக்கு மரபணு எழுதி ஈ. கோலி பாக்டீரியாவுக்குள் வைத்தால், வேண்டிய நீளத்துக்கு அது செய்து கொடுத்துவிடும். சூட்சுமம் எல்லாம் அந்த நான்காம் இடத்தில்தான். புரோலினைத் தவிர எந்த அமினோ அமிலமும் அங்கே வரலாம். நீரோடு ஒட்டாத ஒன்றை வைத்தால் குறைந்த சூட்டிலேயே சங்கிலிகள் திரண்டுவிடும். நீரோடு ஒட்டுவதை வைத்தால் கூடுதல் சூடு கேட்கும்.

ஆம், சூட்டில்தான் திரளும், குளிரில் கரைந்திருக்கும். சங்கிலியைச் சூழ்ந்திருந்த நீர் மூலக்கூறுகள் சூட்டில் விடுபட்டுப் போவதே காரணம். வெந்த முட்டை திரும்பாது, இது திரும்பும்.

டிசம்பர் காலையில் ஊட்டியில் எங்கள் ஆய்வகம் 12 டிகிரிக்கு மேல் ஏறாது. 22 டிகிரியில் திரளும் கரைசலை அப்போது கையில் எடுத்தால், விரல் பட்ட இடத்தில் முதலில் பால் படரும். பிறகு குழாய் முழுவதும் வெளுக்கும். மேசையில் வைத்துவிட்டால் தானாகத் தெளியும். புதிய மாணவர்களுக்கு நான் காட்டும் முதல் பாடம் இதுதான், கருவியே வேண்டாம்.

சுத்திகரிப்பும் இதை நம்பித்தான். குளிரில் ஒருமுறை சுழற்றிக் கசடை நீக்கி, உப்புச் சேர்த்துச் சூடாக்கி மறுபடி சுழற்றினால் புரதம் அடியில் படியும். 1999இல் டியூக் பல்கலைக்கழகத்தின் மேயரும் சில்கோட்டியும் வெளியிட்ட முறை. மலையில் முதல் பாதி சுலபம். இரண்டாம் பாதியில்தான் தொல்லை: சுழற்றும் கருவியான சென்ட்ரிஃப்யூஜில் குழாய்களைத் தாங்கும் ரோட்டர் சில்லென்று இருந்தால், சூடேற்றிய புரதம் சுழலும்போதே மறுபடி கரையத் தொடங்கிவிடும். அதனால் ரோட்டரை முன்னிரவே இன்குபேட்டரில் வைத்துவிடுவோம்.

ஒரு கோடையில் கோயம்புத்தூருக்குக் கொஞ்சம் அனுப்பினேன். மறுநாள் அங்கிருந்த மாணவர் அழைத்தார். “அக்கா, நீங்கள் அனுப்பியது குழம்பிக் கிடக்கிறது. கெட்டுவிட்டதா?”

“ஃப்ரிட்ஜில் வைத்துப் பார் தம்பி.”

தெளிந்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்தப் பாலிமரின் பெரிய கனவு, கரைசலாக ஊசியில் ஏற்றி, உடலின் 37 டிகிரியில் திரளவைத்து, மருந்தை மெல்லக் கசியவிடுவது. குளிரூட்டிய அறையில் யோசிப்பவருக்கு 25க்கும் 37க்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கிறது. ஏப்ரல் மதியத்தில் 35ஐத் தொடும் சமவெளி மருத்துவமனையில், மின்சாரமும் போன நேரத்தில், மருந்து ஊசிக்குள்ளேயே திரண்டு அடைத்துக்கொள்ளும். நமக்கு மிஞ்சுவது ஓரிரண்டு டிகிரிதான். உப்பு, செறிவு, சங்கிலியின் நீளம் என்று எதை மாற்றினாலும் அந்த எல்லை நகர்ந்துவிடுகிறது. நான்காம் இடத்துக்கு இப்போது வேறு அமிலக் கலவைகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சோதிக்க மட்டும் கோயம்புத்தூருக்கு இறங்கிப் போகிறேன்.