நெல் என்று தேடினால் நெல்லை வருகிறது

நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் தமிழ் நூல்களை கோஹா மென்பொருளில் ஏற்றி முடித்ததும், இனி எதைத் தேடினாலும் கிடைத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஏற்றியதோ சேர்க்கைப் பதிவேட்டில் இருந்த விவரம் மட்டும்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை. நூல் எதைப் பற்றியது என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. 'நெல்' என்று தேடினால் அந்தச் சொல் தனியாக நிற்கும் தலைப்புகள் மட்டுமே வரும். சரி, பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டுப் பார்ப்போம் என்றால் நெல்லை வரலாறும் நெல்லிக்காய் மருத்துவமும் சேர்ந்து வரும். 'நெற்பயிர்' என்று தொடங்கும் தலைப்பு வராது. புணர்ச்சி விதி கணினிக்குத் தெரியாதே.

தலைப்பே கைவிடும் நூல்கள் வேறு. தமிழில் கட்டுரை நூலுக்கும் கவிதைத் தொகுப்புபோலப் பெயர் வைப்பவர்கள் நிறைய. உள்ளே உவர்நிலச் சீர்திருத்தம் இருக்கும், அட்டையில் மண்ணும் கண்ணீரும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு நூலுக்கும், அது எதைப் பற்றியது என்று சொல்லும் பொருள் தலைப்பு கொடுப்பது என்று முடிவாகி, அந்த வேலை என்னிடம் வந்தது.

ஆங்கில நூல்களுக்கு, பொருள் தலைப்புகளைத் தயாராகத் தொகுத்துத் தரும் சியர்ஸ் பட்டியல் இருந்தது. மின்னி ஏர்ல் சியர்ஸ் 1923-இல் சிறிய நூலகங்களை மனத்தில் வைத்தே தொகுத்தது. அதைத் தமிழில் பெயர்த்து வைத்துக்கொண்டால் சித்த மருத்துவ நூல்களுக்கும் சங்க இலக்கிய ஆய்வுகளுக்கும் வந்தவுடன் திண்டாட்டம்தான். எனக்குக் கைகொடுத்தது சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் சங்கிலி முறை. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1930-களில் அவர் உருவாக்கியது. பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல் 1950 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த முறையில்தான் பொருளடைவு தயாரித்தது. நூலகவியல் வகுப்பில் நாங்கள் அதைத் தேர்வுக்குப் படித்ததோடு சரி.

செய்முறை எளிது. நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகள் பற்றிய ஒரு நூலுக்கு, நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூவி தசமப் பகுப்பில் எண் 633.1897. அதை ஒவ்வொரு கண்ணியாகப் பிரிக்க வேண்டும். 630 வேளாண்மை, 633 வயல் பயிர்கள், 633.1 தானியங்கள், 633.18 நெல், 633.189 நோய்களும் சேதங்களும், கடைசி 7 பூச்சிகள். இப்போது கடைக்கண்ணியிலிருந்து மேலே ஏற வேண்டும். 'பூச்சிகள்: நெல்: வேளாண்மை' என்பது முதல் பதிவு. அடுத்து 'பயிர் நோய்கள்: நெல்'. பிறகு 'நெல்: வேளாண்மை', 'தானியங்கள்', இப்படியே வேளாண்மை வரை. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய எண். இதில் எனக்குப் பிடித்தது சிக்கனம். நெல் பற்றி அடுத்த நூல் வரும்போது மேல்கண்ணிகளுக்கு மறுபடி எழுத வேண்டியதில்லை, புதிதாக வரும் கண்ணிக்கு மட்டும் எழுதினால் போதும்.

எண்ணைப் பிரிப்பதைவிட நூல் எதைப் பற்றியது என்று தீர்மானிப்பதுதான் நேரத்தைத் தின்றது. முழுக்கப் படிக்க நேரமில்லை, அப்படிப் படிக்கத் தேவையும் இல்லை. உள்ளடக்கம், முன்னுரை, இயல்களின் முதல் பத்தி, பின்னிணைப்பு, இவ்வளவு போதும். அணிந்துரையை மட்டும் நம்பக் கூடாது. அதில் நூலைவிட ஆசிரியரின் நற்குணங்களே அதிகம் இருக்கும். அப்புறம், ஒரு நூலுக்கு எத்தனை தலைப்பு? அமெரிக்கக் காங்கிரஸ் நூலக வழக்கப்படி, ஒரு பொருள் நூலில் குறைந்தது 20 சதவீதம் இருந்தால்தான் அதற்குத் தலைப்பு. கோடிக்கணக்கில் நூல் உள்ள இடத்துக்கு அது நியாயம். எங்களைப்போல ஒரு பொருளுக்கு இரண்டு நூல் தேறினாலே பெரிது என்ற இடத்தில், ஒரே ஓர் இயலாக இருந்தாலும் உருப்படியாக இருந்தால் தலைப்பு கொடுத்தேன். தேடும்போது தேவையற்றதும் கொஞ்சம் வரும். வரட்டும், ஒன்றுமே வராததற்கு அது தேவலாம்.

ஒரே சொல்லுக்குப் பல பொருள் வரும் இடங்களில் அடைப்புக்குறி போட்டுப் பிரித்தேன்: பால் (உணவு), பால் (இலக்கணம்). எதிர்ச் சிக்கல் நீரிழிவு, சர்க்கரை நோய், மதுமேகம். அலோபதி நூல் ஒரு சொல்லைச் சொல்லும், சித்த மருத்துவ நூல் இன்னொன்றை. நீரிழிவைத் தலைப்பாக வைத்து மற்ற இரண்டிலிருந்தும் 'நீரிழிவு காண்க' என்று வழிகாட்டும் 'காண்க' கொடுத்தேன். கோஹாவில் இதற்கு, ஒரு தலைப்பையும் அதன் மாற்றுச் சொற்களையும் வைத்திருக்கும் ஆதாரப் பதிவு என்று தனியாக உண்டு. அதில் ஒவ்வொரு விவரமும் எண்ணிட்ட புலத்தில் (கட்டத்தில்) போகும்: 150-ஆம் புலத்தில் தலைப்பு, 450-இல் 'காண்க' சொற்கள், 550-இல் 'மேலும் காண்க'. நூலின் பதிவில் அந்தத் தலைப்பு 650-இல் உட்காரும். ஆனால் 450-இல் சொல்லை எழுதினால் மட்டும் தேடலில் வந்துவிடாது. 'காண்க' சொற்களையும் தேடலில் சேர்க்கும் அமைப்பை ஆன் செய்து, குறியீட்டு அடைவை முழுக்க மறுபடி கட்ட வேண்டும். இது தெரியாமல் 'காண்க'வே வீண் என்று விட்டுவிட்ட நூலகங்கள் உண்டு.

இப்போது தேடல் பெட்டியில் எதுவும் கிடைக்காமல் போன சொற்களை அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். அதில் ஒரு முறை 'புகையான்' இருந்தது. நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சி அது. பூச்சி நூல்களில் அதற்கு இயலே இருக்கிறது, பொருள் தலைப்பில் இல்லை. புகையான், ஆனைக்கொம்பன், குருத்துப்பூச்சி மூன்றுக்கும் தனித் தலைப்பு போட்டாயிற்று. கவிதை நூல்களுக்கு 'கவிதை' என்று வடிவத்தை மட்டும் சொல்லும் வடிவத் தலைப்பு தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்கும் எண்ணமும் இல்லை.