சோறு காய்ச்சியதாலா சுவர் நனைந்தது?

வந்தவர் முதலில் பார்த்தது எங்கள் சோற்றுப் பானையைத்தான்.

2021 நவம்பர். கிழக்கு லண்டன், ஈஸ்ட் ஹாமில் மூன்றாம் மாடி. குறைந்த வாடகைக்குச் சமூக வீடுகள் தரும் ஹவுசிங் அசோசியேஷன் ஒன்றின் வீடு. பிள்ளைகள் படுக்கும் அறையில் வெளிச்சுவர் மூலையில் தொடங்கிய பூஞ்சணம், அலுமாரியின் பின்பக்கம் வரை கறுப்பாகப் படர்ந்திருந்தது. பத்து மாதமாகப் போன் அடித்து அடித்து, கடைசியில் வீட்டைச் சோதிக்க ஒரு சேர்வேயரை அனுப்பினார்கள். அவர் நேராகக் குசினி வாசலில் போய் நின்றார். ஒரு நாளைக்கு எத்தனை தரம் சமைக்கிறீர்கள், சோறு ஒவ்வொரு நாளுமா, வீட்டில் எத்தனை பேர், அந்த வயதான அம்மா யார் என்று கேள்வி மேல் கேள்வி. பிள்ளைகளின் அறையில் அவர் நின்றது இரண்டு நிமிடம் இருக்கும். ஈரம் அளக்கும் மீற்றர் கையில் இருந்தது, அதைச் சுவரில் வைக்கவில்லை. யன்னலைத் திறந்து வையுங்கள், உடுப்பை உள்ளே காயப்போடாதீர்கள், கறி வைக்கும்போது சட்டியை மூடுங்கள் என்று சொல்லி, ஒரு துண்டுப்பிரசுரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வந்ததும் போனதும் பன்னிரண்டு நிமிடம்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. சுவரில் இருப்பது கண்டென்சேஷன், அதாவது வீட்டுக்குள் எழும் நீராவி குளிர்ந்து படிந்த ஈரம், அதற்குக் காரணம் குடியிருப்பவர்களின் லைஃப்ஸ்டைல் (வாழ்க்கை முறை), திருத்த வேலை எதுவும் தேவையில்லை.

கடிதத்தை என் கணவர் தமிழில் வாசித்துச் சொன்னபோது அவருடைய அம்மா, என் மாமி, ஒன்றும் பேசவில்லை. இரவு, சின்னவனைத் தட்டித் தூங்கவைத்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார்: "பிள்ளை, நான் சமைக்கிறதாலயோ அவனுக்கு இழுக்குது?"

சின்னவனுக்கு அப்போது நான்கு வயது. குளிர் தொடங்கினால் இரவில் மூச்சு இழுக்கும். மூச்சுக்கு அடிக்கும் நீலப் பம் (இன்ஹேலர்) தலைமாட்டிலேயே இருக்கும். அடுத்த நாளிலிருந்து மாமி குழம்பு வைப்பதை விட்டுவிட்டார். தனக்குப் பாணும் தேத்தண்ணியும். பிள்ளைகளுக்கு மட்டும், தை மாதக் குளிரில் குசினி யன்னலை அகலத் திறந்து, சால்வையால் தலையையும் போர்த்திக்கொண்டு ஒரு பிடி அரிசி போடுவார். நான் அவரைத் தடுக்கவில்லை. அந்த மனிதர் சொன்னதை நானும் பாதி நம்பியிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் அத்தனை பேருக்குச் சமைத்துப் போட்ட கை அது.

ஒரு வருடம் அப்படியே போனது. பூஞ்சணத்தை மறைக்கும் பெயின்ற் வாங்கி இரண்டு தரம் அடித்தோம். இரண்டு தரமும் திரும்ப வந்தது.

2022 நவம்பர் நடுப்பகுதியில் அந்தச் செய்தி வந்தது. வட இங்கிலாந்தின் ரொச்டேலில், சூடானிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் மகன் அவாப் இஷாக். இரண்டு வயது நிரம்பி ஒரு கிழமையில், 2020 டிசம்பர் 21 அன்று இறந்தான். வீட்டில் நீண்ட நாளாக இருந்த பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் வந்த சுவாச நோயே காரணம் என்று மரண விசாரணை முடிவு செய்தது. தகப்பன் 2017 இலேயே பூஞ்சணத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பெயின்ற் அடியுங்கள் என்று அவருக்குப் பதில் கிடைத்திருக்கிறது. அந்தக் குடும்பம் ஏதோ சடங்குக் குளியல் செய்வதால்தான் வீடு நனைகிறது என்று வீட்டு நிர்வாகத்தினர் ஊகித்திருக்கிறார்கள். அந்த ஊகம் பிழை என்று பிறகு அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இனவாதத்தை நிறுத்துங்கள் என்று தாயும் தகப்பனும் வெளிப்படையாகவே அறிக்கை விட்டார்கள்.

அதை வாசித்து முடித்த கையோடு நான் ஒரு மாடி இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். அங்கே இருப்பவர் ஒரு சோமாலியச் சகோதரி. அதுவரை லிஃப்டில் சிரிப்பதோடு சரி. என் கடிதத்தைக் காட்டினேன். அவர் உள்ளே போய்த் தன் கடிதத்தைக் கொண்டுவந்தார். முகவரியைத் தவிர ஒரு சொல்லும் மாறவில்லை. அவருடைய வீட்டில் சோற்றுக்குப் பதிலாகப் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்டிருக்கிறார்கள்.

பிறகு ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். இரண்டு வங்காளதேசக் குடும்பங்கள், ஒரு கானா நாட்டுத் தாய், இன்னொரு தமிழ்க் குடும்பம் என்று சேர்ந்து, மார்கழி முடிவதற்குள் எட்டு வீட்டுக் கடிதங்கள் என் மேசையில் இருந்தன. எட்டிலும் லைஃப்ஸ்டைல்.

ஒன்பதாவது கடிதத்தை நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கு நேர் கீழே, முதலாம் மாடியில் தனியாக இருக்கும் வயதான வெள்ளைக்கார ஐயா தானாகவே கொண்டுவந்து தந்தார். அதே மேற்குச் சுவர், அதே மூலை. அவருடைய சுவரில் மீற்றர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மழைநீர்ப் பீலியைச் சோதிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். குளியலறைக்குப் புது ஃபேன் பூட்டியிருக்கிறார்கள். "நானும் ஒவ்வொரு நாளும் உருளைக்கிழங்கு அவிக்கிறேன். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லையே" என்றார். அந்தக் கடிதத்தின் பிரதியையும், தன் கையெழுத்திட்ட ஒரு குறிப்பையும் தந்தார். பிறகு எங்கள் முறைப்பாட்டைத் தாங்கி நின்ற தூண் அந்த ஒரு தாள்தான்.

எங்கள் பகுதிச் சட்ட உதவி நிலையத்தில் ஒரு பெண் அரை மணி நேரம் இருந்து விளக்கினார். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் இனம் என்றால் நிறம், தேசியம், இனப் பூர்வீகம் எல்லாம் அடங்கும். வீடு வாடகைக்குத் தருவது மட்டுமல்ல, தந்த வீட்டை நிர்வகிப்பதும் அதற்குள் வரும். ஒரே நிலையில் இருக்கும் இன்னொருவரைவிட உங்களை மோசமாக நடத்தினார்கள் என்று காட்ட வேண்டும். அந்த இன்னொருவர் எங்களுக்கு முதலாம் மாடியிலேயே இருந்தார்.

சட்ட உதவி நிலையத்துப் பெண் சொன்ன இன்னொன்றை எல்லாருக்கும் சொல்கிறேன்: உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் கோப்பைக் கேளுங்கள். தகவல் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் பெயரில் உள்ள குறிப்புகள், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் இலவசமாகக் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். ஒரு மின்னஞ்சல் போதும். எனக்குத் தொண்ணூறு பக்கம் வந்தது. நள்ளிரவில் குசினி மேசையில் இருந்து வாசித்தேன். நாற்பதாம் பக்கம் தாண்டி ஒரு வரி: பெரிய ஏசியன் குடும்பம், கடும் சமையல், சொன்னாலும் கேட்கமாட்டார்கள். நாங்கள் ஐந்து பேர், மூன்று அறை. வரியைவிட அதற்குப் பக்கத்தில் இருந்த திகதிதான் என்னை உலுக்கியது. சேர்வேயர் எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதற்கு மூன்று கிழமைக்கு முந்திய திகதி அது.

ஒரு கவலை இன்னும் இருக்கிறது. பாகுபாட்டுக்காகக் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவான காலத்துக்குள் போக வேண்டும். எங்களுக்கு அந்த வரி கிடைக்கும்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. நீதிமன்றம் விரும்பினால் காலத்தை நீடிக்கலாம், ஆனால் நிச்சயமில்லை, செலவும் பெரியது. இரண்டு குடும்பங்கள் வழக்கே போடுவோம் என்றன. ஆறு குடும்பங்கள் முறைப்பாட்டு வழியில் போவோம் என்றோம். கடைசியில் எட்டுக் குடும்பங்களும் அந்த வழியிலேயே போனோம். அந்த முடிவு சரிதானா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோப்பை முதல் மாதத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கொப்பியும் கையுமாக இருந்தேன். காற்றின் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிப் பிள்ளைகளின் அறையில் வைத்து, காலையும் இரவும் எழுதினேன். என்ன சமைத்தோம், மழையா வெயிலா, ஹீற்றர் எத்தனை மணி என்று எல்லாம் அதில் இருக்கும். ஒருமுறை மாமி பத்து நாள் மகளின் வீட்டுக்குப் போயிருந்தார். அடுப்பில் எதுவும் கொதிக்கவில்லை. ஐந்தாம் நாள் மேற்குப் பக்கமாக அடித்த மழைக்கு மூலைச் சுவர் கையில் ஒட்டும் அளவுக்கு ஊறியது. பிறகு மாமி வந்து மூன்று நாள் வெயில். சோறும் சொதியும் காய்ச்சினோம், சுவர் காய்ந்தே இருந்தது. அந்தப் பக்கத்தை நான் மாமிக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நானில்லை" என்றார்.

ஜி.பி.யிடம் (குடும்ப வைத்தியரிடம்) கடிதம் வாங்கினோம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி முடிந்த பிறகு அந்த மண்டபத்திலேயே எட்டுக் குடும்பங்களும் கூடினோம். வங்காளம், சோமாலி, தமிழ் என்று ஒவ்வொரு வசனமும் மூன்று தரம் சுற்றி வரும். நேரம் எடுத்தது, ஆனால் ஒருவரும் அரைகுறையாக விளங்கிக்கொண்டு கையெழுத்து வைக்கவில்லை. எட்டுப் பேரும் ஒரே நாளில் தனித்தனியாக அனுப்பினோம். முதல் வரியிலேயே "இது முதற்கட்ட முறைப்பாடு" என்று எழுதினோம். அப்படி எழுதாவிட்டால் அது இன்னொரு திருத்த வேலைக் கோரிக்கையாகப் பதிந்து காணாமல் போய்விடும். இரண்டு வருடமாக எங்களுக்கு அதுதான் நடந்திருந்தது.

முதற்கட்டத்துக்குப் பத்து வேலை நாள், இரண்டாம் கட்டத்துக்கு இருபது வேலை நாள் என்று, சமூக வீடுகள் பற்றிய முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும் வீடமைப்பு ஒம்புட்ஸ்மனின் விதி இருக்கிறது. முதற்கட்டப் பதில் பழைய பல்லவி. இரண்டாம் கட்டத்துக்கு, ஒம்புட்ஸ்மன் 2021 அக்டோபரில் ஈரலிப்பும் பூஞ்சணமும் பற்றி வெளியிட்ட அறிக்கையை இணைத்தோம். "லைஃப்ஸ்டைல் அல்ல" என்பதே அதன் தலைப்பு. குடியிருப்பவர் மேல் பழியைப் போடும் அந்தப் பழக்கத்தை விடுங்கள் என்று நாடு முழுவதற்கும் சொன்ன அறிக்கை. எங்கள் வீட்டுக்குச் சேர்வேயர் வந்தது அது வெளியாகி அடுத்த மாதம்.

கூடவே எங்கள் பகுதிக் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பகுதிக்கும் எழுதினோம். 2004ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் கீழ் வீட்டு ஆபத்துகள் அப்போது 29 வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன, ஈரலிப்பும் பூஞ்சணமும் அதில் ஒன்று. மிகக் கடுமையான முதல் தர ஆபத்து என்று கண்டால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். உங்கள் வீட்டுச் சொந்தக்காரரே கவுன்சில் என்றால் அது தன் மேலேயே சட்ட நடவடிக்கை எடுக்க முடியாது. எங்களுடையது அசோசியேஷன் என்பதால் இந்த வழி திறந்திருந்தது.

2023 சித்திரையில் ஒரு பெண் அதிகாரி வந்தார். அவர் மணி அடித்தபோது மாமி ஓடிப்போய்ச் சோற்றுப் பானையைத் தொட்டிக்குக் கீழே ஒளித்துவைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை. அதிகாரி நேரே பிள்ளைகளின் அறைக்குப் போனார். மீற்றரைச் சுவரில் ஏழு எட்டு இடத்தில் வைத்து எழுதினார். குளியலறை ஃபேனின் மூடியைக் கழற்றினார். அதன் குழாய் வெளியே போய்ச் சேரவே இல்லை, கூரைக்குள்ளேயே நின்றது. பிறகு முற்றத்துக்கு இறங்கி அண்ணாந்து பார்த்து எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். பீலியின் இணைப்பு பிளந்து, அதன் கீழ் நேர்கோடாகச் செங்கல் கறுத்து, இடையில் இருந்த சாந்து உதிர்ந்திருந்தது. சமையலைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஆவணியில் திருத்த வேலைக்குக் கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டினார்கள். பீலி மாறியது, சுவருக்குச் சாந்து பூசினார்கள், எட்டு வீட்டுக்கும் ஃபேன் வந்தது. அந்தக் குளிர்காலம் சின்னவன் பம் எடுத்தது இரண்டே தரம்.

ஒம்புட்ஸ்மனின் தீர்ப்பு 2024 இல் வந்தது. நிர்வாகச் சீர்கேடு நடந்திருக்கிறது, மன்னிப்புக் கேட்க வேண்டும், எனக்கு 650 பவுண்ஸ் தர வேண்டும் என்றது. பாகுபாடு சட்டப்படி நடந்ததா என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை, தன்னுடையதல்ல என்றும் எழுதியிருந்தது. ஆனால் சமத்துவச் சட்டத்தின் கீழ் உள்ள கடமையை அசோசியேஷன் எண்ணிப் பார்த்ததற்கு ஒரு தடயமும் இல்லை என்று சொன்னது. மன்னிப்புக் கடிதத்தில் தாமதம் என்ற சொல் நாலு இடத்தில் இருக்கிறது. இனம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. கோப்பில் இருக்கும் அந்த வரியைத் திருத்தக் கேட்டு எழுதினேன். அது பிழையான தகவல், திருத்தக் கேட்பது என் உரிமை. நாலு மாதம் இழுத்தடித்து, கடைசியில் அந்த வரிக்குக் கீழே என் மறுப்பைச் சேர்த்தார்கள்.

இப்போது இங்கிலாந்தில் அவாப் பெயரிலேயே சட்டம் இருக்கிறது. சமூக வீடுகளுக்கு 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறை. உடல்நலத்துக்குப் பெரிய ஆபத்தான ஈரலிப்பையும் பூஞ்சணத்தையும் அறிவித்த பத்து வேலை நாளுக்குள் சோதிக்க வேண்டும். சோதனை முடிந்து மூன்று வேலை நாளுக்குள் கண்டதை எழுத்தில் தர வேண்டும், ஐந்து வேலை நாளுக்குள் ஆபத்தை நீக்க வேண்டும். அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரம். அந்த எழுத்துச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மீற்றர் வைத்தார்களா, எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள்.

வரும் வியாழக்கிழமை பக்கத்துக் கட்டடத்தில் ஒரு குடும்பத்துக்குச் சேர்வேயர் வருகிறார். இந்த நாட்டுக்கு வந்து ஏழு மாதமான இளம் தமிழ்ச் சோடி, கைக்குழந்தை வேறு. பத்து மணிக்கு நான் கொப்பியோடு அங்கே இருப்பேன், கீழ்வீட்டுச் சகோதரியும் வருகிறார். நேற்று அந்த வீட்டுப் பெண் போனில் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும் என்று கேட்டபோது, பக்கத்தில் இருந்த மாமி போனை வாங்கிச் சொன்னார்: "ஒண்டும் செய்ய வேண்டாம் பிள்ளை. பானையை மட்டும் ஒளிச்சு வைக்காதை."