டோனர் கருமுட்டை என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்

கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்ததுமே டாக்டர் சொல்லிவிட்டார்: என் கருமுட்டையில் குழந்தை கஷ்டம், தானமாகப் பெற்ற முட்டைதான் வழி. குடியாத்தத்திலிருந்து வேலூருக்குப் போய் வந்துதான் சிகிச்சை. 2021-ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி முட்டை தருபவருக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம். பிறக்கும் குழந்தை சட்டப்படி முழுக்க எங்களுடையது. ஒரே ஒரு கருதான் வைத்தார்கள். இரட்டை என்றால் ஆபத்து இன்னும் கூடும்.

சொந்தக்காரர்கள் யாருக்கும் சொல்லவில்லை. அது எங்கள் இருவரின் முடிவு, இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் பிரசவம் பார்க்கும் டாக்டர், ஸ்கேன் எடுப்பவர், லேப் என்று எல்லோரிடமும் முதல் நாளே சொன்னோம்.

அதன் அருமை மூன்றாம் மாதத்திலேயே தெரிந்தது. குழந்தையின் பின்கழுத்தில் தோலுக்கடியில் இருக்கும் நீரை அளக்கும் என்.டி. ஸ்கேனோடு ரத்தமும் எடுப்பார்கள். அந்த ஃபாரத்தில் வயது என்ற கட்டத்தில் லேபில் இருந்த பெண் என் வயதை, 38 என்று எழுதினார். "மேடம், முட்டை கொடுத்தவங்களுக்கு 26 வயசு, அதைப் போடுங்க" என்றேன். டவுன் சிண்ட்ரோம் என்ற குரோமோசோம் கோளாறு குழந்தைக்கு வரும் வாய்ப்பைக் கணக்குப் போட முட்டையின் வயதுதான் முக்கியம். 38 என்று போட்டிருந்தால் ரிஸ்க் கூடுதலாகக் காட்டி, வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுக்கும் பேச்சு வரைக்கும் போயிருக்கும்.

அடுத்தது பிரஷர். வழக்கமான கர்ப்பத்தில் குழந்தையின் மரபணுவில் பாதி தாயுடையது. இதில் தாயுடையது எதுவும் இல்லை. அதனால் தாயின் உடம்பு நஞ்சுக்கொடியை ஏற்றுக்கொள்வதில் சிக்கல் வரலாம், ப்ரீ எக்லாம்ப்சியா என்ற ஆபத்தான கர்ப்பகால பிரஷர் நோய்க்கு வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் விளக்கினார். 12 வாரத்திலிருந்தே ராத்திரியில் ஆஸ்பிரின் கொடுத்தார். (யாரும் இதைத் தானாக வாங்கிப் போட வேண்டாம்.) வீட்டுக்கு ஒரு பிரஷர் மிஷின் வாங்கினோம். தினம் சாயங்காலம் சாய்ந்து உட்கார்ந்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, பேசாமல் இருந்துவிட்டுப் பார்ப்பேன். நம்பரை என் வீட்டுக்காரர் நோட்டில் எழுதுவார்.

எட்டாம் மாதம் கால் வீங்கியபோது, "வாயும் வயிறுமா இருக்கிறவளுக்கு கால் வீங்கத்தான்மா செய்யும்" என்றார் அத்தை. பாவம், அவருக்கு விஷயமே தெரியாதே. அன்று மிஷினில் 150/100. தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பது போல மின்னல். விடியட்டும் என்று காத்திருக்கவில்லை, ராத்திரியே கார் வைத்து வேலூர் போய்விட்டோம். யூரினில் புரோட்டீன் இருந்தது, ப்ரீ எக்லாம்ப்சியாதான். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஊசி போட்டு, அதன் பிறகு சிசேரியன்.

மகள் 1.9 கிலோ. பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யு.வில் வைத்திருந்தார்கள். மூச்சு சீரானதும் கங்காரு முறையில் நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் எழ முடியாத நேரத்தில் அவள் அப்பா சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டு, அவளை நெஞ்சில் சாய்த்து மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். முட்டை யாருடையதாக இருந்தாலும் பால் என்னுடையதுதான். பீய்ச்சி எடுத்து, டியூபில் கொடுத்து, அப்புறம் பாலாடையில், அப்புறம் நேரடியாக.

பிள்ளை பிறந்ததும் பிரஷர் இறங்கிவிடும் என்று நம்பி மிஷினை ஓரம் கட்டிவிடாதீர்கள். எனக்கு வார்டில்தான் இன்னும் ஏறியது. வீட்டுக்கு வந்த பிறகும் மாத்திரை ஓடியது. ப்ரீ எக்லாம்ப்சியா வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் பிரஷரும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் வருஷா வருஷம் செக்கப் போகிறேன்.

குழந்தை டாக்டர் முதல் தடவையே, "குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை, ஆஸ்துமா இருக்கா?" என்று கேட்டார். என் அம்மாவின் சர்க்கரையைச் சொல்லவில்லை. அவள் அப்பா வழியில் இருப்பதைச் சொன்னோம். தாய் வழிக்கு, முட்டை தந்தவரைப் பற்றிச் சிகிச்சையின்போது கொடுத்த மெடிக்கல் விவரத்தாளை நீட்டினோம். அவர் அதைப் படித்து ஃபைலில் எழுதிக்கொண்டு, தடுப்பூசி அட்டையை எடுத்தார்.