உப்பளச் சேற்றில் ஒரே மாதிரிப் பறவைகள்

கோடியக்கரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பூநாரையைத் தேடித்தான் போகிறார்கள். எனக்கும் பூநாரை பிடிக்கும். ஆனால் ஜனவரியில் அங்கே என்னை நகரவிடாமல் நிறுத்தியது, சேற்றில் ஓடித் திரிந்த பழுப்புப் பொடியன்கள்தான். வலசை வந்த உள்ளான்களும் உப்புக்கொத்திகளும். 1967இலேயே சரணாலயமாகி, 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்த இடம் இது. குளிர்காலம் முழுக்க இவற்றுக்கு இங்கே தீனி உண்டு.

குளிர்கால இறகுடையில் முக்கால்வாசிப் பறவைகளும் மேலே சாம்பல், கீழே வெள்ளை. அறைக்குத் திரும்பிப் படங்களைப் பெரிதாக்கினால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். உருவ அளவை நம்பவே கூடாது. பச்சைக்காலியும் சதுப்பு மண்கொத்தியும் தனித்தனிப் படத்தில் ஒரே அளவாகத்தான் தெரியும். அலகைப் பார்க்க வேண்டும். பச்சைக்காலிக்குத் தடித்து, லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். மற்றதற்கு ஊசிபோல நேராக இருக்கும்.

கொசு உள்ளானில்தான் சிக்கல் அதிகம். ஆர்க்டிக் தூந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் இந்தக் குட்டிப் பறவைக்குக் கால் கறுப்பு. அதன் உறவான டெம்மிங்க் கொசு உள்ளானுக்கு மஞ்சளும் பச்சையும் கலந்த கால். புத்தகத்தில் படிக்கும்போது எளிதுதான். ஆனால் உப்பளச் சேறு முழங்கால்வரை அப்பிக்கொண்டால் எந்த நிறம் தெரியும்? அதனால் நான் அது தண்ணீரில் இறங்கிக் கால் கழுவும்வரை காத்திருந்து எடுப்பேன். நடத்தையையும் குறித்துக்கொள்வேன். கொசு உள்ளான் திறந்த சேற்றில் கூட்டமாகப் பரபரவென ஓடும். டெம்மிங்க் பெரும்பாலும் புல்லோரத்தில் பதுங்கிப் பதுங்கி மேயும். படத்தில் இதெல்லாம் வராது.

இன்னொன்று, மங்கலான படங்களை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். முதுகைக் காட்டி நின்ற ஓர் உப்புக்கொத்தி எனக்குக் கிடைத்தது. கழுத்தில் வெள்ளைப் பட்டை இருந்தது. ஆனால் அது கெண்டிஷ் உப்புக்கொத்திக்கும் உண்டு, பட்டாணி உப்புக்கொத்திக்கும் உண்டு. கண்வளையமோ காலோ சரியாகத் தெரியவில்லை. அடுத்த படத்தில் அது பறந்துவிட்டது. தலை கலங்கி, பாதி உடல் சட்டத்துக்கு வெளியே. ஆனால் விரிந்த இறக்கையில் வெள்ளைக் கோடு பளிச்சென்று இருந்தது. பட்டாணிக்கு அந்தக் கோடு கிடையாது. ஆக, கெண்டிஷ்.

படத்தைக் கொடுத்தால் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியிலும் போட்டுப் பார்த்தேன். எடுத்த இடமும் தேதியும் சரியாகக் கொடுத்தால் நல்ல உதவி. ஆனாலும் அது சொல்லும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பெயருக்குரிய அடையாளம் என் படத்தில் இருக்கிறதா என்று தேடுவேன். இல்லையென்றால், பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் தளத்தில் இனம் குறிப்பிடாமல் ‘கொசு உள்ளான்’ வகை என்று மட்டும் பதிவேன். இந்த முறையும் சில படங்கள் அப்படித்தான் போயின.