பச்சைப் பூஞ்சையை விலைக்கு வாங்கினேன்

பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல் பக்கம் வாடகைக்கு எடுத்த சிறிய கொட்டகையில் சிப்பிக் காளான் வளர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குத் தீராப் பகையாக இருந்து வருவது பச்சைப் பூஞ்சைதான். காளானின் வெள்ளை இழை பரவ வேண்டிய படுக்கையில், அதாவது வைக்கோல் அடைத்த பையில், ஒரு ரூபாய் அகலத்துக்குப் பச்சைத் திட்டு தெரிந்தாலும் அந்தப் பையை அப்போதே வெளியேற்றிவிடுவேன். டிரைகோடெர்மா என்னும் அந்தப் பூஞ்சையைச் சென்ற ஆண்டு நானே உரக்கடையில் காசு கொடுத்து வாங்கி வந்ததைச் சொல்லி என் மாமியார் இன்றும் சிரிக்கிறார்.

வாங்கவேண்டி வந்தது கழிவினால். ஒரு கிலோ காளானுக்குச் சுமார் 5 கிலோ கழிவு மிஞ்சும் என்று தொழிலில் கணக்குச் சொல்வார்கள். அது பெரும்பாலும் மொட்டுக் காளானுக்குப் பொருந்தும் கணக்கு. வைக்கோலை மட்டுமே நம்பும் என் கொட்டகையில் அவ்வளவு சேராது என்றாலும், மூன்று அறுவடை முடித்த படுக்கைகள் வாரந்தோறும் மூலையில் குவிந்து, ஈக்களுக்கு வீடாகிவிட்டன. அவற்றை மட்கவைத்து உரமாக்கிவிடலாம் என்று எண்ணித்தான், மட்குவதை விரைவுபடுத்தும் என்று விற்கப்படும் அந்த டிரைகோடெர்மாவை வாங்கினேன்.

முதல் குவியலை டிசம்பரில் போட்டேன். வைக்கோலைப் பிய்க்காமலே அடுக்கி, சாணக் கரைசல் தெளித்து, டிரைகோடெர்மாப் பொடியையும் அன்றே தூவிவிட்டேன். நான்காம் நாள் குவியலுக்குள் செருகிய இரும்புக் கம்பியை உருவிப் பிடித்தால் கை தாங்கவில்லை. நன்றாக வேலை நடக்கிறது என்று மகிழ்ந்தேனே தவிர, 25 முதல் 30 டிகிரியில் செழித்து வளரும் ஒரு பூஞ்சையை 60 டிகிரிக்குள் தள்ளியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. அந்தச் சூட்டில் உழைப்பவை வெப்பம் விரும்பும் வேறு நுண்ணுயிரிகள்; அவை சாணத்திலும் வைக்கோலிலும் ஏற்கெனவே இருப்பவை, விலைக்கு வாங்க வேண்டியவை அல்ல. அந்தக் குவியல் மட்குவதற்கு நான்கு மாதம் ஆயிற்று.

இன்னொன்றையும் பிறகுதான் யோசித்தேன். வைக்கோலில் எளிதில் மட்காத பகுதி லிக்னின். அதைச் சிதைப்பதில் சிப்பிக் காளானே கைதேர்ந்தது. தென்னை நார்க் கழிவை மட்கவைக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையில் யூரியாவோடு சேர்ப்பதும் சிப்பிக் காளான் வித்துத்தான். ஆகவே என் கழிவில் கடினமான வேலையில் ஒரு பங்கு முன்பே முடிந்திருந்தது. குறையாக இருந்தது தழைச்சத்து. வைக்கோலில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 80க்கு 1 என்ற அளவில் இருக்கும். காளான் விளைந்தபின் அது இறங்கினாலும், மட்குவதற்கு ஏற்ற 30க்கு 1 என்ற அளவுக்கு வந்துவிடாது.

இரண்டாவது குவியலை ஏப்ரலில் போட்டபோது பிளாஸ்டிக் பைகளை உரித்தெறிந்து, வைக்கோலை உதிர்த்து, சாணத்தைத் தாராளமாகச் சேர்த்தேன். கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசியும் அளவுக்கு ஈரம் வைத்து, வாரம் ஒருமுறை கிளறினேன். மூன்று வாரம் கழித்துச் சூடு தணிந்து, கம்பியை இளஞ்சூட்டோடு பிடிக்க முடிந்த நாளில்தான் டிரைகோடெர்மாவை வெல்லம் கலந்த நீரில் கரைத்துத் தெளித்து, ஈரச் சாக்கால் மூடினேன். எழுபது நாளில் மண் வாசனையோடு கறுப்பாக உதிர்ந்தது. இந்த வேறுபாடு முழுவதையும் நுண்ணுயிரியின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. பெங்களூரின் டிசம்பர் இரவுக் குளிருக்கும் ஏப்ரல் வெயிலுக்கும் அதில் பங்குண்டு, கிளறிய என் தோளுக்கும் உண்டு.

குவியல் இப்போது கொட்டகையிலிருந்து காற்று வீசிப் போகும் பக்கம், வேலியோரத்தில் இருக்கிறது. காலையில் காளான் வேலை, மாலையில் குவியல் வேலை என்ற வரிசையை நான் மாற்றுவதில்லை. செருப்பும் மண்வெட்டியும் தனித்தனி. தவறிப்போய் மாலையில் கொட்டகைக்குள் நுழையவேண்டி வந்தால் குளித்து உடை மாற்றிக்கொண்டுதான் போகிறேன். சாவு வீட்டுக்குப் போய்வந்தவனைப் போல வாசலிலேயே தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன் என்பது மாமியாரின் புதிய கேலி.